வாடைக்கு முன் ஒரு கையொப்பம்: கடைக் கடனை அறவிட்ட மூன்று வருடங்கள்

2022ஆம் ஆண்டின் கடைசிக் கிழமையில், கடையை அரைநாள் பூட்டிவிட்டு, கடன் கொப்பியை முதல் தாளிலிருந்து கூட்டிப் பார்த்தேன். 41 பேரிடமிருந்து 18 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய் வரவேண்டியிருந்தது. அதே மேசையின் மறுபக்கத்தில், கொழும்பு புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கு நான் எழுதிக் கொடுத்த காசோலைகளின் அடித்துண்டுகள் இருந்தன. அவற்றில் இரண்டு தைப்பொங்கலுக்கு முன் வங்கிக்குப் போகவிருந்தன. என் கணக்கில் அதற்குப் போதிய காசு இல்லை.

திருகோணமலை நகரில் வலை, தங்கூசி என்கிற நைலோன் நூல், கயிறு, மிதப்பு, ஈயம், என்ஜின் எண்ணெய் ஆகியவற்றை விற்கும் கடை எங்களுடையது. அப்பா தொடங்கியது. சல்லி, திருக்கடலூர், இறக்கக்கண்டி, குச்சவெளி, மூதூர், கிண்ணியா ஆகிய இடங்களிலிருந்து வருகிற கடற்றொழிலாளர்களே எங்கள் வாடிக்கையாளர்கள். இந்தத் தொழிலில் கடன் கொடாமல் கடை நடத்த இயலாது. கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கத் தொடங்கினால், மாசி வரை சிறிய வள்ளங்கள் பெரும்பாலும் கரையிலேயே கிடக்கும். பங்குனியில் கடல் அடங்கும்போது தொழிலாளியின் கையில் காசு இராது. ஆனால் வலையும் கயிறும் அப்போதுதான் வேண்டும். ஆகவே பங்குனியில் பொருளைக் கொடுத்து, மீன் படப் படக் காசை வாங்கி, ஐப்பசிக்குள் கணக்கை முடிப்பது அப்பா காலத்து வழக்கம்.

அந்த வழக்கம் 2022இல் முறிந்தது. வெளிப்பொருத்து என்ஜின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை; மாதக்கணக்கில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, கிடைத்தபோது ஓகஸ்ட் மாதத்தில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே தடவையில் ஏறியது. வள்ளம் கடலுக்குப் போகாத ஒரு பருவம் முழுவதும் வாங்கிய வலைக்குக் காசு எங்கிருந்து வரும்? எனக்கு நேர்ந்த நட்டம் வேறொரு வகையானது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனதால், நான் கடனாகக் கொடுத்த வலையின் காசு முழுவதும் திரும்பி வந்தாலும், அந்தக் காசுக்கு அதே வலையில் ஏறக்குறைய பாதியைத்தான் மறுபடி வாங்க முடியும் என்ற நிலை உண்டாயிற்று. கடன் கொப்பியில் இருந்த தொகை மாறவில்லை. அதன் பெறுமதி மட்டும் நாளுக்கு நாள் கரைந்தது.

மனைவியின் நகையை வங்கியில் வைத்து அந்த இரண்டு காசோலைகளையும் காப்பாற்றிக் கொண்டேன். அதன் பின்னரே அறவீட்டு வேலையைத் தொடங்கினேன். தொடங்கிய விதம் பிழையானது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2023 பங்குனியில் ஒரு காலை, வள்ளங்கள் கரைக்கு வருகிற நேரத்தில் சல்லிக் கரைக்குப் போய், மீன் வாங்க நின்ற வியாபாரிகளுக்கு முன்னால், 65,000 ரூபாய் தரவேண்டிய ஒருவரிடம் கணக்கைக் கேட்டேன். கையில் மீனும் பக்கத்தில் காசும் இருக்கிற நேரம் அதுதான் என்பது என் கணக்கு. அவர், "என்ன அண்ணை, நான் ஓடியா போகப் போறன்?" என்று மட்டும் கேட்டார், குரலை உயர்த்தவில்லை. அன்றைக்கு 2,000 ரூபாய் தந்தார். அதன் பிறகு ஐந்து மாதம் என் கடை வாசலுக்கே வரவில்லை. வேறொரு கடையில் காசுக்கு வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். நாலுபேர் முன் கேட்ட கடன், கேட்டவனுக்குத்தான் கடைசியில் செலவாகிறது.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு, நகரில் உள்ள ஒரு சட்டத்தரணியிடம் கொப்பியைக் கொண்டுபோனேன். அவர் நான்கு தாள்களைப் புரட்டிவிட்டு, "இதில் ஒருவருடைய கையொப்பமாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. "சல்லித் தம்பி, வலை 2, ஈயம்" என்பது போன்ற குறிப்புகள்தான் இருந்தன. சிலவற்றில் மாதம் இருந்தது, வருடம் இல்லை. அவர் சொன்ன அடுத்த செய்தி எனக்கு முற்றிலும் புதியது. கடன் வழக்குகளுக்குக் காலவரையறை விதிக்கும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்றுக் கொடுத்த பொருளுக்கான காசு, கடைக் கணக்கு, புத்தகக் கடன் ஆகியவற்றுக்கு, அவை செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். எழுத்தில் உள்ள உடன்பாட்டுக்கு அந்தக் காலம் ஆறு வருடம். என் கொப்பியின் பெரும்பகுதி அந்த ஒரு வருடத்தைக் கடந்திருந்தது, அல்லது கடக்கவிருந்தது. மூன்று தலைமுறையாகக் கடன் கொடுத்து வாங்குகிற ஊரில், இந்த ஒரு வருடக் கணக்கை எனக்குச் சொன்ன வியாபாரி ஒருவரும் இல்லை. அவர்களுக்கும் தெரிந்திராது என்றே நினைக்கிறேன்.

வழக்குப் போட வேண்டாம் என்று அவரே சொன்னார். ஒவ்வொருவரும் தரவேண்டிய தொகையை எழுதி, "இத்தொகையை நான் தரவேண்டியுள்ளது, இன்ன மாதத்திலிருந்து இவ்வளவு வீதம் செலுத்துவேன்" என்ற வாசகத்துக்குக் கீழே திகதியோடு கையொப்பம் வாங்கும்படி சொன்னார். முதலில் காசைக் கேட்காமல் கையொப்பத்தைக் கேட்பது என்ற இந்த முறைதான் பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படையாக அமைந்தது. காசில்லாதவனிடம் காசைக் கேட்டால் அவன் முகத்தை ஒளிப்பான். கணக்கைச் சரிபார்க்கக் கேட்டால் இருந்து பேசுவான்.

41 பேருக்கும் தனித்தனியே கணக்குத் தாள் எழுத இரண்டு கிழமை எடுத்தது. பிறகு மாலை நேரங்களில், வீடுகளுக்குப் போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம், ஆனால் பதிவுத் தபால் வந்தாலே வழக்கு என்று பயந்து வாங்காமல் திருப்பிவிடுகிற வீடுகள் உண்டு. பல வீடுகளில் வரவு செலவை அறிந்தவர் மனைவியே. கணவர் "பாப்பம் அண்ணை" என்று இழுத்த இடத்தில், உள்ளேயிருந்து வந்த மனைவி, சீட்டு எப்போது முடிகிறது, சங்கக் கடன் எவ்வளவு மிச்சம் என்று சொல்லி, "மாதம் ஐயாயிரம் போடுங்கோ, அதுக்கு மேலே ஏலாது" என்று தொகையைத் தானே தீர்மானித்த வீடுகள் குறைந்தது பத்து. அப்படித் தீர்மானிக்கப்பட்ட தொகைகள் பெரும்பாலும் தவறவில்லை.

கிண்ணியாவில் நடந்தது எனக்கு நல்ல பாடம். 2009இல் பாலம் திறப்பதற்கு முன், பாதை என்கிற இழுவைப் படகில் ஏறி அக்கரை போய் அப்பா கணக்கு முடித்த குடும்பம் அது. நான் கொண்டுபோன தாளில் 1,12,500 ரூபாய் இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர், நாங்கள் நானா என்று அழைப்பவர், கண்ணாடியைப் போட்டு மெதுவாகப் படித்துவிட்டு, எழும்பிப் போய்த் தன் கொப்பியை எடுத்துவந்தார். அதில் நாள், பொருள், நிறை எல்லாம் என் கொப்பியை விடத் தெளிவாக இருந்தன. "தம்பி, இந்தக் கயிறு ஒரு தடவைதான் எடுத்தது. நீங்க ரெண்டு தரம் எழுதியிருக்கிறீங்க" என்றார். 8,500 ரூபாய். ஒரே நாளில் நானும் கடையில் நிற்கிற பையனும் தனித்தனியே எழுதியிருந்தோம். அந்த இடத்திலேயே வெட்டி, 1,04,000 என்று திருத்தி, இருவரும் கையொப்பம் வைத்தோம். திரும்பி வரும் வழியில், இப்படி இரட்டைப் பதிவு எத்தனை பேரிடம் கேட்டிருப்பேனோ என்ற எண்ணம் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து மிச்சத் தாள்கள் எல்லாவற்றையும் திரும்பச் சரிபார்த்ததில் இன்னும் இரண்டு பிழைகள் அகப்பட்டன.

நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகளை வள்ளத்தில் ஏற்றும் ஒருவர், கையொப்பத்துக்குப் பதிலாகக் காசோலையே தந்தார். அது காசில்லை என்று திரும்பி வந்தது. காசில்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தின்படி குற்றமாகும் என்பதைக் குறிப்பிட்டு, சட்டத்தரணி ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பினார். பத்து நாளில் காசாகவே கொண்டுவந்து கட்டிவிட்டார். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

பெரிய சிக்கல் குச்சவெளிப் பக்கத்துச் சம்மாட்டி, அதாவது வலை முதலாளி, ஒருவருடையது. கரைவலைத் தொழில். 4,20,000 ரூபாய். மூன்று தடவை போனேன். முதல் தடவை கோவில் திருவிழா முடியட்டும் என்றார், இரண்டாம் தடவை மகளின் கலியாணம் என்றார், மூன்றாம் தடவை வாடிக்குள்ளே, கரையிலுள்ள கொட்டிலுக்குள்ளே, இருந்துகொண்டே இல்லை என்று சொல்லுவித்தார். அதன் பிறகு மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பித்தேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபைகள் அவை. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட கடன் பிணக்குகளை அங்கே கொண்டுபோய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைப் பெறாமல் நேரே நீதிமன்றத்துக்குப் போக இயலாது. சட்டத்தரணிகள் அங்கே தோன்ற முடியாது. நீங்களே பேச வேண்டும். விண்ணப்பதாரர் ஒருவரையும் எதிர்த்தரப்பினர் ஒருவரையும் சபையின் உறுப்பினர்களுக்குள்ளிருந்து தெரிவு செய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தலைவராகத் தெரிவு செய்வார்கள்.

முதல் அமர்வுக்கு அவர் வரவில்லை. இரண்டாவது அமர்வுக்கு, ஒரு பாடசாலை வகுப்பறையில், மாணவர் வாங்கில் எனக்கு முன்னால் வந்து இருந்தார். நான் மாதம் 35,000 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதத்தில் வேண்டும் என்றேன். தலைவராக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், "மார்கழியிலே இவர் எந்தக் காசிலே கட்டுவார்?" என்று என்னைத்தான் கேட்டார். கடற்றொழிலாளர்களுக்கு இருபது வருடமாகப் பொருள் விற்கிற எனக்கு அந்தக் கேள்வி முன்னரே தோன்றியிருக்க வேண்டும். கடைசியில், பங்குனி முதல் ஐப்பசி வரை மாதம் 30,000 வீதம், வாடை மாதங்களில் ஒன்றுமில்லை, வட்டியும் இல்லை என்று எழுதி, இருவரும் கையொப்பமிட்டோம். வட்டியை விட்டது எனக்கு உவப்பில்லைதான். ஆனால் அந்த மேசையில் வட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால், அவர் எழும்பிப் போக ஒரு நியாயம் கிடைத்திருக்கும். 2024 பங்குனியில் முதல் தவணை வந்தது. மறு வருடம் ஒரு மாதம் தவறியது. தவறப்போகிறது என்பதை அவரே தொலைபேசியில் முன்கூட்டிச் சொன்னார். 2025 செப்டெம்பரில் பதினான்காவது தவணையோடு கணக்கு முடிந்தது. அன்றைக்கே புதிய வலை கேட்டார். பாதிக் காசு கையில் வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

ஐந்து பெயர்களை நானே வெட்டினேன். இருவர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள், இருவர் கையொப்பமிட மறுத்தார்கள். அந்தத் தொகைகள் வழக்குச் செலவுக்கும் காணாதவை. ஐந்தாமவர் காலமாகிவிட்டார். அவருடைய வீட்டுக்குத் தாளைக் கொண்டுபோனேன், ஆனால் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அது வியாபாரமா என்று மைத்துனர் கேட்டார். வியாபாரமில்லைதான். இரட்டைப் பதிவுகளில் வெட்டியதையும் சேர்த்து, மொத்தமாக 2,80,000 ரூபாய் அப்படிப் போயிற்று.

இப்போது கடையில் இரட்டைத்தாள் பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்கிறது. கடனுக்கு எடுப்பவர் திகதியும் தவணை மாதமும் எழுதிய இடத்தில் கையொப்பம் வைக்கிறார். ஒரு தாள் அவருக்கு, மற்றது எனக்கு. பழைய தொகை பாதியாவது குறையாமல் புதிய கடன் இல்லை. முதலில் இதைக் கேட்பதற்கு எனக்கே கூச்சமாக இருந்தது. ஒருவர், "அப்பா இருக்கேக்க இதெல்லாம் இல்லை" என்று சொல்லிக்கொண்டே கையொப்பமிட்டார். அப்பாவின் காலத்தில் டொலர் இரண்டு மாதத்தில் அப்படி ஏறியதுமில்லை என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன். சல்லிக்காரரும் திரும்பி வந்துவிட்டார்; என்னோடு அதிகம் பேசுவதில்லை, பையனிடம்தான் சாமான் கேட்கிறார், கணக்கு மட்டும் மாதாமாதம் சரியாக வந்து முடிந்தது.

பழைய கொப்பியில் 29 கணக்குகள் முடிந்து, 13,70,000 ரூபாய் வந்துவிட்டது; மனைவியின் நகையும் மீண்டுவிட்டது. ஏழு பெயர்கள் மிச்சம், 2,10,000 ரூபாய். எல்லோரிடமும் கையொப்பம் இருக்கிறது. வாடை எழும்பிவிட்டது, வள்ளங்களை மேலே இழுத்துக் கவிழ்த்துவிட்டார்கள். அந்த ஏழு வீடுகளுக்கும் இனிப் பங்குனியில்தான் போக வேண்டும்.