காணி விட்ட பிறகுதான் அலைச்சல்

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இராணுவம் பிடித்து வைத்திருக்கும் காணி இன்னும் விடுபடும் என்று காத்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன். 1990 ஜூனில் போரால் வசாவிளானில் இருந்து எழும்பியவர்கள் நாங்கள், 2015இல் விடுவித்த பகுதிக்குள் எங்கள் காணியும் வந்தது. போய்ப் பார்த்தால் வீடும் இல்லை, வேலியும் இல்லை, ஒழுங்கை எது என்றே தெரியாமல் ஆளுயரத்துக்குப் பற்றை.

முதலில் கிணற்றைத் தேடுங்கள். எங்கள் பக்கத்துக் காணி உறுதிகளில் (பத்திரங்களில்) கிணற்றில் யாருக்கு என்ன பங்கு, வழி வாய்க்கால் எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கும், அதை வைத்து அளந்தால் அயலவரோடு எல்லைச் சண்டை வராது. ஆனால் வெடிபொருள் அகற்றுபவர்கள் பார்க்காமல் கிணற்றில் இறங்கவோ பற்றைக்கு நெருப்பு வைக்கவோ வேண்டாம்.

எங்களுடையது அம்மாவின் சீதன உறுதி, இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. உறுதி இலக்கமும் அதை எழுதிய நொத்தாரிசின் பெயரும் மாமாவுக்கு நினைவிருந்தபடியால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்தோம். வயதானவர்களிடம் இந்த இரண்டையும் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.

பிறகு வந்ததுதான் பெரிய இழுபறி. வீட்டுத்திட்டத்துக்குக் காணியில் குடியிருக்க வேண்டும் என்றார்கள், குடியிருக்கக் கறண்ட் கேட்டால் நிரந்தரக் கட்டடம் எங்கே என்றார்கள், எங்கள் குடும்பப் பதிவோ இன்னும் நாங்கள் இருந்த இடம்பெயர்ந்தோர் முகாமின் பிரிவில். தறப்பாள் கொட்டில் போட்டு இருந்துகொண்டு, விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) பதிவை மாற்றிய பிறகே மற்றதெல்லாம் அசைந்தது. நடமாடும் சேவை வந்த அன்று எல்லா அலுவலர்களும் ஒரே மண்டபத்தில் இருந்ததால், ஒருவர் கேட்ட கடிதத்தைப் பக்கத்து மேசையிலேயே வாங்க முடிந்தது. மீள்குடியேறும் ஊர்களுக்கு இப்படி அடிக்கடி வந்தால் எவ்வளவு கூலிநாள் மிஞ்சும்!

அப்பா அந்தச் செம்மண்ணில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் செய்தவர். மல்லாகத்தில் கோணப்புலம் முகாமில் வளர்ந்த தம்பிமாருக்கு மேசன் வேலைதான் கைவந்தது, தோட்டத்தை அப்பா சொல்லச் சொல்லத்தான் பழகுகிறார்கள். வோட்டர் பம்புக்கும் விதை வெங்காயத்துக்கும் கடன் வாங்கித்தான் முதல் போகம் செய்தோம். வீட்டுக்குக் கொடுக்கும் அக்கறையில் பாதியாவது தோட்டத்துக்கும் கொடுத்திருக்க வேண்டும்.

முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் கொட்டிலில் இருந்த குடும்பத்துக்கு 1990க்கு முன்பும் சொந்தக் காணி கிடையாது. அப்படி உள்ளவர்கள் விடுவிப்புக்காகக் காத்திராமல், காணியற்றோர் என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் பதிந்து, அந்தப் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள்.