மூச்சு வருதோ எண்டு பாருங்கோ

நான் வேலை செய்யும் மருந்துக்கடை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சின்னப் பிளாசாவில் இருக்கிறது. ஒரு பக்கம் ரேக்-அவுட், மறுபக்கம் நகைக்கடை. காலையில் கதவைத் திறக்கும்போதே வெளியே இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெத்தடோன் என்ற மருந்தைக் குடிக்க வருபவர்கள். மருந்தை ஆரஞ்சுத் தூள் கரைத்த தண்ணீரில் கலந்து 100 மில்லிலீற்றர் ஆக்கி, பெயரைச் சரிபார்த்து, ஆள் தள்ளாடாமல் தெளிவாக நிற்கிறாரா என்று பார்த்து, என் கண் முன்னாலேயே குடிக்க வைக்க வேண்டும். குடித்ததும் ஏதாவது பேச்சுக் கொடுப்பேன். வாயில் அடக்கி வைத்திருந்து வெளியே போய்த் துப்பி விற்கிறவர்களும் உண்டு. "இண்டைக்குக் குளிர் கூடவோ?" என்று நான் கேட்டால் அது பாதி நலம் விசாரிப்பு, பாதி தொழில்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் ஃபென்டனில் என்றால் எனக்குப் புற்றுநோய்க்காரர்களின் தோளில் வலிக்கு ஒட்டும் பட்டைதான். அது நல்ல மருந்து. 1960 அளவில் பெல்ஜியத்தில் பால் ஜான்சன் உருவாக்கியது. மோர்ஃபினைவிட ஏறக்குறைய 100 மடங்கு வீரியம். சத்திரசிகிச்சைக் கூடங்களில் இன்றைக்கும் தினமும் போடுகிறார்கள், மைக்ரோகிராம் கணக்கில் அளந்து. பட்டையை மூன்று நாள் ஒட்டியிருந்து கழற்றிய பிறகும் உள்ளே கணிசமான மருந்து மிஞ்சியிருக்கும். அதைக் குப்பையிலிருந்து எடுத்துப் பயன்படுத்தியவர்கள் இறந்ததால், ஒன்ராறியோவில் 2016 ஒக்ரோபரிலிருந்து பழைய பட்டையைத் திருப்பித் தந்தால்தான் புதியது என்று சட்டம். ஒரு தாளில் வரிசையாக ஒட்டிக் கொண்டுவருவார்கள். ஓரங்களில் உடுப்பின் நூலும் தோல்மயிரும் ஒட்டியிருக்கும். கையுறை போட்டு ஒவ்வொன்றாக எண்ணுவேன். வெட்டியிருக்கிறதா, மருந்தை உறிஞ்சி எடுத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

அந்தச் சட்டம் வந்த காலத்திலேயே தெருவில் விற்கும் சரக்கு எங்கள் அலமாரிகளை விட்டு வெகுதூரம் போய்விட்டது. கள்ள ஆய்வுகூடங்களில் செய்து, யாரோ ஒருவர் ஏதோ ஒரு மேசையில் வேறு தூளோடு கலப்பது. மைக்ரோகிராமில் வேலை செய்கிற ஒன்றைக் கரண்டியால் கலந்தால் என்ன ஆகும்? கல்லுப்புச் சரியாகக் கரையாத குழம்புதான். ஒரு கரண்டி சப்பென்றிருக்கும், அடுத்த கரண்டி வாயில் வைக்க முடியாது. ஒரே பொட்டலத்தில் நேற்று எடுத்தவர் இன்று சாகலாம். கனடாவில் 2016க்குப் பிறகு ஓபியாய்டு (மோர்ஃபின், ஃபென்டனில் வகை மருந்துகள்) நச்சால் இறந்தவர்கள் 50,000 பேருக்கு மேல்.

'பேர்க்ஸ்' என்று பெடியள் சொல்லும் குளிசையும் இதே கதைதான். பேர்கொசெற் என்ற வலிமாத்திரையின் நிறம், அச்சு எல்லாம் அப்படியே இருக்கும், உள்ளே ஃபென்டனில் இருக்கும். மருந்துக்கடை போத்தலிலிருந்து வராத எந்தக் குளிசையையும் நம்பாதே என்பேன். கேட்பார்களா என்பது வேறு கதை.

சரி, எங்கள் சனத்துக்கு வருவோம். ஓபியாய்டு மிஞ்சி மூச்சு நிற்கும்போது அதை முறிக்கும் மருந்து நலொக்சோன். எங்கள் அம்மாமார் அந்தப் பெட்டி கேட்க வரும் விதமே தனி. முதலில் விற்றமின் தட்டுக்கு முன்னால் நின்று நேரம் கடத்துவார்கள். கவுண்டரில் தெரிந்த ஆட்கள் யாரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் கிட்ட வருவார்கள்.

"பிள்ளை, மூக்குக்கு அடிக்கிற மருந்து ஒண்டு சும்மா குடுக்கிறியளாம். எனக்கில்லை, தெரிஞ்ச ஆக்களின்ர பெடியன் ஒராளுக்கு."

யாருக்கு என்று நான் கேட்பதில்லை. காசு இல்லை, மருத்துவர் சீட்டும் தேவையில்லை. தனியாகப் பேசும் அறைக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்து காட்டுவேன். நான்கு மில்லிகிராம் ஸ்பிரே இரண்டு, கையுறை, வாயோடு வாய் வைத்து ஊதுவதற்கு ஒரு தடுப்புத் தாள். முதலில் 911. அப்புறம் மல்லாக்கக் கிடத்தி ஒரு மூக்கில் முழுவதையும் அடிக்க வேண்டும். அடித்துப் பரீட்சை பார்க்கக் கூடாது, ஒருமுறைதான் வரும். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லாவிட்டால் மற்ற மூக்கில் அடுத்தது. இடையில் ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஊத வேண்டும். ஆள் எடுத்தது ஓபியாய்டு இல்லை என்றாலும் இந்த மருந்தால் கெடுதல் இல்லை.

"அடிச்சும் எழும்பேல்லை எண்டால்?"

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. முன்பு பயிற்சியில் எங்களுக்குச் சொன்னது, ஆள் சட்டென்று எழும்பிவிடுவார் என்று. இப்போது தெருச் சரக்கில் பென்ஸோடயசெபின் தூக்கமருந்துகளும் மிருக வைத்தியர்கள் பாவிக்கும் மெடெடோமிடினும் கலந்து வருகின்றன. நலொக்சோன் அவற்றைத் தொடாது. ஆகவே மூச்சு திரும்பியும் ஆள் மணிக்கணக்கில் கண் திறக்காமல் கிடக்கலாம். எழும்பவில்லையே என்று மருந்தை மேலும் மேலும் அடிப்பதால் வாந்தியும் நடுக்கமும்தான் கூடும். "மூச்சு வருதோ எண்டு பாருங்கோ அம்மா. வந்தால் சரி. பக்கவாட்டில சரிச்சுப் படுக்க வையுங்கோ, ஆம்புலன்ஸ் வரும் மட்டும் விட்டிட்டுப் போகாதேங்கோ." மருந்தின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தணிந்துவிடும், போதை அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கலாம். எழும்பி நடக்கிறான் என்று விட்டுவிட்டால் திரும்ப விழக்கூடும்.

விளக்கப் படங்களில் உதடு நீலமாகும் என்று போட்டிருக்கும். எங்கள் நிறத்தில் நீலம் தெரியாது, சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். உதட்டின் உட்புறத்தையும் நகத்தையும் பார்க்கச் சொல்வேன். அதைவிட முக்கியம் குறட்டை. பேஸ்மென்ற் அறையிலிருந்து கரகரவென்று, தண்ணீர் கொதிப்பது மாதிரி ஒரு குறட்டை வரும். கனநாளைக்குப் பிறகு பெடியன் நல்லாய் நித்திரை கொள்கிறான், எழுப்ப வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டு வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அது நித்திரை இல்லை, மூச்சுக்குழாய் அடைபடும் சத்தம். தட்டி எழுப்புங்கள். எழும்பாவிட்டால் ஸ்பிரே.

பொலிஸ் வருமே என்ற பயம் அடுத்தது. உயிராபத்துக்கு அழைத்தவர் மீதும் அங்கே நிற்பவர்கள் மீதும் போதைப்பொருள் வைத்திருந்தார்கள் என்று மட்டும் வழக்குப் போட முடியாதபடி 2017 மே மாதம் சட்டம் வந்திருக்கிறது. விற்பனைக்கும் வேறு பிடியாணைக்கும் அது பொருந்தாது. இதை உள்ளது உள்ளபடிதான் சொல்கிறேன், கூட்டிச் சொன்னால் அடுத்தமுறை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே அடிவயிறு கலங்குவது வேறொரு இடத்தில். "ஊருக்கு அனுப்பப் போறம் பிள்ளை, அம்மம்மாவோட ஒரு ஆறு மாசம் இருந்தால் திருந்தி வருவான்." நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், சிலர் திருந்தியும் வருகிறார்கள். ஆனால் விட்டிருந்த காலத்தில் உடம்பு பழைய பழக்கத்தை மறந்துவிடுகிறது. திரும்பி வந்து ஒருநாள் பழைய கூட்டாளி கூப்பிட்டுப் பழைய அளவையே எடுத்தால் அது கொல்லும். சிறையிலிருந்து, மறுவாழ்வு நிலையத்திலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு வாரம் ஆபத்து அதிகம் என்பதும் இதனால்தான். எங்கள் மெத்தடோன்காரர்களே மூன்று நாலு நாள் தொடர்ந்து வராவிட்டால் பழைய அளவைக் கொடுக்க மாட்டோம். டாக்டரோடு பேசி, குறைத்துத்தான் தொடங்குவோம். ஆகவே விமானச் சீட்டு எடுக்கிற வீட்டுக்காரருக்கும் ஒரு பெட்டி கொடுத்துவிடுகிறேன், அவன் வரும் நாளுக்கு. சிலர் அதை வாங்கும்போது என்னைப் பார்க்கும் பார்வை, நான் பிள்ளையைச் சபிக்கிறேன் என்பதுபோல் இருக்கும்.

இடையில் ஒன்று. வாகனத் தரிப்பிடத்தில் கிடந்த பொட்டலத்தைத் தொட்டாலே செத்துப்போவோமா என்று பலர் கேட்கிறார்கள். தொட்டதால் யாரும் மயங்குவதில்லை. தோல் வழியாகப் போக வைக்கத்தானே அந்தப் பட்டையை அவ்வளவு பாடுபட்டுச் செய்தார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். இந்த வதந்தியால் விழுந்து கிடப்பவனைத் தொடப் பயந்து நிற்கிறார்களே, அதுதான் எரிச்சல்.

கண்காணிப்போடு போதை எடுக்கும் நிலையங்களைப் பற்றி எங்கள் ஆட்களோடு பேசினால் சண்டையில் முடியும். வன்கூவரில் 'இன்சைட்' 2003இல் திறந்தது, ரொறன்ரோவில் பின்னர் சில வந்தன. 2023 ஜூலையில் ரொறன்ரோவின் லெஸ்லிவில் பகுதியில் அப்படியொரு நிலையத்துக்குப் பக்கத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் வழியால் போன ஒரு தாய் இறந்தார். அந்தத் தெருவில் பிள்ளை வளர்ப்பவரிடம் புள்ளிவிவரம் பேச எனக்கு வாய் வராது. மாகாண அரசு, பள்ளிக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் 200 மீற்றருக்குள் இருப்பவை 2025 மார்ச் 31க்குள் மூடவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. இருந்தாலும் என் கருத்து, அது தவறு. நிலையம் மூடினால் அவர்கள் எடுப்பதை நிறுத்தப் போவதில்லை, கோப்பிக்கடைக் கழிப்பறைக்குள் பூட்டிக்கொண்டு எடுப்பார்கள். தனியே இருக்கும்போது ஸ்பிரேயை யார் அடிப்பது? தனக்குத் தானே அடிக்க முடியாத மருந்து அது.

வீட்டில் பெட்டி வைத்திருப்பது போதைக்கு அனுமதி கொடுப்பது மாதிரி ஆகாதா என்று ஒரு ஐயா வாதாடினார். சிகிச்சை பற்றிப் பேசவே நானும் விரும்புகிறேன், மெத்தடோன், பியூப்ரனோர்பின் எல்லாம் எங்களிடமே உண்டு, ஆனால் அதற்கு ஆள் நாளைக்கு உயிரோடு வரவேண்டுமே என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை ஜக்கற்றின் உள்பைக்குள் வைத்துக்கொண்டு, காருக்குள்ளேயே போட்டு வைக்கலாமா என்று கேட்டார்.

குளிர்காலத்தில் வேண்டாம் என்றேன். மைனஸ் 15க்குக் கீழே போனால் உள்ளே இருப்பது உறைந்துவிடும். உறைந்தால் எறிய வேண்டாம், அறைச் சூட்டில் கால் மணிநேரம் வைத்தால் திரும்ப வேலை செய்யும். ஆனால் அந்த நேரத்தில் உங்களிடம் கால் மணிநேரம் இருக்காது. செருப்புத் தட்டுக்கு மேலே, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கோ, ஒளிச்சு வைக்காதேங்கோ.