பந்து போனாலும் பட்டியல் போகாது

மார்ச் 3, 2024, ஞாயிறு

பழைய கேம் விற்பவரிடம் சொல்லிவைத்திருந்த ‘போகிமான் பின்பால்’ இன்று கைக்கு வந்தது. பின்பால் ஆடிக்கொண்டே போகிமான் என்ற கற்பனை ஜீவன்களைப் பிடிக்கும் வீடியோ கேம். 1999-ல், நின்டெண்டோவின் கையடக்க கேம் மெஷினான கேம் பாய் கலர் காலத்தில் வெளியானது. கறுப்பு வெள்ளை கேம் பாயிலும் ஓடும். கேட்ரிட்ஜ் (மெஷினில் செருகும் கேம் பெட்டி) வழக்கத்தைவிட நீளம். செருகினால் பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. உள்ளே ஒரு குட்டி மோட்டார், அதற்குத் தீனி ஒரு ட்ரிபிள் ஏ பேட்டரி. பந்து மோதும்போது கை அதிரும். பேட்டரி போடாமலும் ஆடலாம்தான். அப்படி ஆடுவதற்கு இதை ஏன் வாங்க வேண்டும்?

ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் உள் பேட்டரியை விற்றவர் புதிதாக மாற்றியிருக்கிறார். அதனால் பழைய சேமிப்பு எதுவும் இல்லை. போகிடெக்ஸில், அதாவது பிடித்த போகிமான்களின் பட்டியலில், 151 இடமும் காலி. நல்லதாகப் போயிற்று, அடுத்தவர் பிடித்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மார்ச் 5, செவ்வாய்

இதில் சிவப்பு, நீலம் என்று இரண்டு டேபிள். சிவப்பு மட்டும்தான் ஆடினேன். நடுவில் மூன்று வோல்டார்ப் போகிமான்கள், மோதிய பந்தை எகிறவைக்கும் பம்பராக நிற்கின்றன. திரை சின்னது என்பதால் டேபிளை மேல் பாதி, கீழ் பாதி என்று வெட்டியிருக்கிறார்கள். பந்து கோட்டைத் தாண்டினால் படம் சட்டென்று மாறுகிறது. முதலில் கண் தடுமாறியது, பிறகு பழகிவிட்டது.

போகிமானைப் பிடிக்கும் வழி இதுதான். வலப்பக்கப் பாதையில் பந்தை ஏற்றி ஏற்றி அம்பு விளக்குகளை எரியவிட வேண்டும். இரண்டு எரிந்தால் போதும், மூன்றும் எரிந்தால் அரிதானவை வர வாய்ப்பு. பிறகு டேபிளில் இருக்கும் பெல்ஸ்ப்ரௌட் என்ற போகிமானின் வாயில் பந்தைப் போட வேண்டும். அதிலிருந்து இரண்டு நிமிடம். பம்பரில் மோத மோத மறைந்திருக்கும் படம் துண்டு துண்டாகத் திறக்கும். முழுப்படமும் தெரிந்ததும் அந்த ஜீவன் டேபிள் நடுவில் வந்து நிற்கும். அதையும் பந்தால் சில முறை அடித்தால்தான் நம்முடையது. ஒரு கேட்டர்பி மாட்டியது. புழுதான், ஆனால் முதல் புழு!

மார்ச் 6, புதன்

வேலை. ஆடவில்லை.

மார்ச் 9, சனி

பின்பால் என்பது அடிப்படையில் தோற்கிற ஆட்டம். பந்து என்றைக்கானாலும் ஓட்டையில் விழும், அதற்குள் எவ்வளவு சேர்த்தோம் என்பதுதான் கணக்கு. பந்தைத் தட்டும் துடுப்பான ஃபிளிப்பரே 1947-ல்தான் வந்தது, காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ மெஷினில். அதற்கு முன் பந்தை ஏவிவிட்டு ஆணிகளுக்கு நடுவே அது போகிற போக்கைப் பார்த்துக்கொண்டு, அவசரத்துக்கு மெஷினைக் குலுக்கலாம், அவ்வளவே. (இதிலும் பட்டனை அழுத்தி டேபிளை லேசாக உலுக்கலாம். நான் கூடவே கேம் பாயையும் ஆட்டுகிறேன். அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரியும்.)

இந்த கேட்ரிட்ஜ் அந்தத் தோல்வியை வேறு மாதிரி ஆக்கிவிட்டது. மூன்று பந்தும் போனாலும் பிடித்தது பட்டியலில் நிற்கிறது. ஆட்டம் கேவலமாக முடிந்த நாளிலும் ஒரு பெயர் கூடியிருக்கும்.

ஆனால் பரிணாமத்துக்கு, அதாவது ஒரு போகிமானை அடுத்த வடிவத்துக்கு வளர்ப்பதற்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. ஓர் ஆட்டத்தில் பிடித்ததை அதே ஆட்டத்தில்தான் வளர்க்க முடியும். கேட்டர்பி பிடித்து, அதை மெட்டாபாட் ஆக்கி, பட்டர்ஃப்ரீ ஆவதற்குள் கடைசிப் பந்து விழுந்துவிட்டால், அடுத்த முறை மறுபடி கேட்டர்பியிலிருந்து. இன்று அதேதான் நடந்தது. அதனால் இப்போது முதல் பந்திலேயே வளர்க்கப் பார்க்கிறேன், மதிப்பெண் எக்கேடோ கெடட்டும்.

மார்ச் 10, ஞாயிறு

பட்டர்ஃப்ரீ!

மார்ச் 16, சனி

பிக்காச்சுவைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். இரண்டு ஓரத்திலும் பந்து நழுவும் சந்து இருக்கிறது. அங்கே காவல் ஒரே ஒரு பிக்காச்சு. பந்தால் ஸ்பின்னரைச் சுழற்றி அதற்கு மின்சாரம் ஏற்றியிருந்தால் பந்தைத் திருப்பி மேலே அனுப்பும். ஆனால் அது இருக்கிற பக்கத்தில்தானே பந்து விழ வேண்டும்? இடது ஃபிளிப்பரைத் தட்டினால் இடதுக்கும் வலதைத் தட்டினால் வலதுக்கும் ஓடும். பந்தையும் பார்த்து, அதையும் ஓரக்கண்ணால் பார்த்து ஆட வேண்டும். பரிசு சுழலும் ஸ்லாட்டில் அதிர்ஷ்டம் அடித்தால் இரண்டு பக்கமும் காவல் கிடைக்கும். அந்தச் சில நிமிடங்கள் நான் பெரிய ஆட்டக்காரன்.

போனஸ் கட்டங்களில் கெங்கர் என்ற பேய் வரும் கல்லறைதான் எனக்குப் பிடித்தது. கேஸ்ட்லி, ஹாண்டர் என்ற சின்னப் பேய்களையெல்லாம் அடித்து முடித்த பிறகுதான் பெரியவர் கெங்கர் வருவார். அங்கே பந்து விழுந்தால் நஷ்டம் இல்லை, டேபிளுக்குத் திரும்புவோம்.

மார்ச் 17, ஞாயிறு

அக்கா மகன் வந்திருந்தான். 2003-ல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த ‘ரூபி அண்ட் சஃபையர்’ பின்பால்தான் அவனுக்கு ஒசத்தி. டேபிள் வெட்டாமல் வழுக்கிக்கொண்டு போகிறது, முட்டை பொரிக்கலாம், நிறமும் அழகு. எல்லாம் சரி, கேட்ரிட்ஜ் அதிராதே என்றேன். “அதெல்லாம் ஒரு விஷயமா மாமா?” என்றான்.

நீல டேபிளைக் கொடுத்தேன். முழுப் பட்டியலுக்கு இரண்டு டேபிளும் வேண்டும், போகிமான்கள் கிடைக்கும் ஊர்களில் சில ஒன்றில் மட்டும்தான் வரும். நான் இன்னும் சிவப்பைவிட்டு நகரவில்லை. அவனுக்குப் பட்டியல் பற்றிக் கவலையே இல்லை, மதிப்பெண்தான். பிடிக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் போனஸுக்குப் போகத் துடிக்கிறான். மியாவ்த் என்ற பூனைப் போகிமான் காசு வீசும் கட்டத்தில் அள்ளிக்கொண்டு வந்து என் மதிப்பெண்ணைத் தாண்டி மேலே பெயர் போட்டுவிட்டான்.

போகிற போக்கில், என்னிடம் இல்லாத ஒரு சைடக்கையும் பிடித்துவிட்டான். “இது யாருக்கு மாமா?” என்று கேட்டான். கேட்ரிட்ஜில் இருப்பது ஒரே போகிடெக்ஸ், யார் பிடித்தாலும் அதில்தான் ஏறும் என்றேன். அப்படியானால் தினமும் வந்து பிடித்துத் தருவதாகவும், ஆட்டத்துக்கு ஒரு பஜ்ஜி என்றும் பேரம் பேசினான். இரண்டு பஜ்ஜி, ஆனால் அரிதான மெவ்டூவை நான்தான் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டேன்.