குழந்தைகளுடன் நெடுந்தூர விமானப் பயணம்

காரைக்குடியிலிருந்து மெல்போர்னுக்குச் செல்லும் எங்களைப் போன்ற குடும்பங்களின் விமானப் பயணம் திருச்சியில் தொடங்கி, சிங்கப்பூரில் இடைநின்று, அங்கிருந்து மேலும் ஏழு மணி நேரத்திற்கு மேல் நீள்கிறது. அந்த இரண்டாம் விமானத்தை இரவு நேரத்தில் அமைத்துக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகள் வழக்கம்போல் உறங்கிவிடுவார்கள்.

விமானம் மேலே எழும்பும்போதுதான் காது வலிக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இறங்கும்போதுதான் வலி மிகுதி. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலாக இருப்பதால் காற்றழுத்தம் சமமாவது தாமதமாகிறது. எதையாவது விழுங்கும்போது அக்குழாய் திறந்துகொள்ளும். ஆகவே, விமானம் தரையிறங்கத் தொடங்கியதுமே உறங்கும் பிள்ளையை எழுப்பி, கைக்குழந்தையாயின் பாலூட்டியும், வளர்ந்த பிள்ளையாயின் மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுத்தும் வர வேண்டும். முகம் சிவக்கக் காதைப் பொத்திக்கொண்டிருந்த என் இளைய மகள், இரண்டு மடக்கு விழுங்கியதும் தானாகவே கையை எடுத்ததை அருகிலிருந்து கண்டேன். எழுப்ப மனம் வராதுதான், ஆயினும் எழுப்பிவிடுங்கள்.

குழந்தைக்கான பாலைப் பாதுகாப்புச் சோதனையில் தனியே எடுத்துக் காட்டுங்கள். பயணத்திற்குத் தேவையான அளவு கொண்டுசெல்ல அனுமதிப்பார்கள்.

அப்பத்தா சம்படத்தில் நிறைத்துத் தரும் தேன்குழலும் மாவுருண்டையும் மூத்த பிள்ளைகளுக்கு நல்ல வழித்துணை. ஆனால் ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது மீதமிருக்கும் உணவு எதுவாயினும், அது எவ்வளவு சிறிதாயினும், அந்நாட்டில் நுழைவோர் நிரப்பித் தரும் பயணியர் அட்டையில் அறிவித்துவிட வேண்டும். மறைத்தால் அபராதம் விதிப்பார்கள்.