திருடனுக்குத் தேள் கொட்டிய கதை

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியாது என்பார்கள். 2013 ஏப்ரலில் கத்தினார்கள்!

கேம் டெவ் டைக்கூன் என்று ஒரு கேம். அதில் நாமே ஒரு கேம் கம்பெனி நடத்த வேண்டும். அண்ணன் தம்பி இருவர் செய்தது. வெளியிட்ட கையோடு டோரண்டில் (இணையத்தில் ஆளுக்கு ஆள் ஃபைல் பகிரும் இடம்) ஒரு 'திருட்டுப் பிரதி'யையும் அவர்களே போட்டுவிட்டார்கள். அதில் மட்டும் ஒரு சூட்சுமம். கொஞ்ச நேரம் ஆடியதும், உங்கள் கேமை எல்லோரும் ஓசியில் இறக்குகிறார்கள் என்று செய்தி வரும், கம்பெனி திவாலாகும். 'பைரசியால் நஷ்டம், தடுக்க வழி உண்டா?' என்று ஓசியில் ஆடியவர்களே புலம்பினார்கள். (இன்னமும் சிரிப்பு அடங்கவில்லை எனக்கு.)

முதல் நாள் வாங்கியவர்கள் 214 பேர். திருட்டுப் பிரதி ஆடியவர்கள் 3,104 பேர். இத்தனைக்கும் அப்போது விலை சுமார் 8 டாலர்தான், காப்பியடிப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டும் கிடையாது.