டாஷ்போர்டில் பச்சை, குடோனில் ரிப் இல்லை

போன ஆடியில் ஒரு திங்கட்கிழமை. காலை எட்டரை மணிக்குக் கட்டிங் மாஸ்டர் என் மேசைக்கு வந்து நின்றார். "ஏனுங் மேடம், நேவி ஆர்டர் பச்சையா இருக்குது, வெட்டலாமுன்னு சொன்னீங்க. சனிக்கெழமையே வெட்ட ஆரம்பிச்சாச்சு. கழுத்துக்கு ரிப் எங்கீங்?"

குடோனுக்குப் போன் போட்டேன். டீசர்ட் கழுத்தில் வைத்துத் தைக்கிற, இழுத்தால் நீளும் ரிப் துணி ஒரு கிலோகூட வந்திருக்கவில்லை. வெட்டிய பீஸெல்லாம் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பவர் டேபிளில் தைக்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்றைக்கு வேறு ஆர்டரை அவசரமாக மாற்றிவிட வேண்டியிருந்தது. பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு லைன் மாறுகிற அரை நாள் சும்மா போகிற அரை நாள், சனிக்கிழமை சம்பளத்தில் குறையும். அது என்னை ரொம்ப உறுத்தியது. ஏனென்றால் ஆர்டர் நிலவரத்தைக் காட்டும் டாஷ்போர்டையும் அதில் வரும் அந்தப் பச்சைக் கட்டத்தையும் உருவாக்கியது நான்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைப் பின்தொடர்ந்து முடித்துக் கொடுப்பவராக இருக்கிறேன். எங்கள் ஊர் வேலை ஒரே கட்டடத்துக்குள் முடிவதில்லை. நூல் வாங்கித் துணி பின்னும் நிட்டிங்குக்கு அனுப்பி, அங்கிருந்து சாயப்பட்டறை, பிறகு துணி சுருங்காமலிருக்க அழுத்தும் காம்பாக்டிங், அப்புறம்தான் துணி எங்கள் குடோனுக்கு வரும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு டீசி, அதாவது துணியோடு போகும் டெலிவரி சலான். அந்த டீசியெல்லாம் ஆபீஸ் சாப்ட்வேரில் ஏறிவிடும். அதை ஒரே திரையில் பார்க்கும்படி செய்து தரச் சொல்லி ஓனர் கேட்டார். நான் கணக்கை வரைபடமாகக் காட்டும் பவர் பிஐ சாப்ட்வேரைக் கற்றுக்கொண்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிற டேட்டாபேஸை அதோடு இணைத்தேன்.

முதலில் செய்தது, பார்க்க நன்றாக இருந்தது. மேலே நாலு கார்டு, நடுவில் ஒரு வட்ட வரைபடம், கீழே ஆர்டர் வாரியாக எத்தனை சதவீதம் துணி வந்திருக்கிறது என்ற பட்டை. 90-க்கு மேல் போனால் பச்சை. ஓனர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாவது நாள் பழையபடி போன் செய்து, "அந்த ஆர்டர் எங்கம்மா நிக்குது?" என்று கேட்டார். அவர் தினமும் கேட்கிற ஒரே கேள்வி அதுதான். அதற்கான பதில் என் திரையில் இல்லை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நேவி ஆர்டரின் கணக்கைச் சொன்னால் சிக்கல் புரியும். 12,000 டீசர்ட். ஒரு பீஸுக்குப் பாடி துணி 180 கிராம், கழுத்து ரிப் 10 கிராம். ஆக, பாடி 2,160 கிலோ, ரிப் 120 கிலோ, மொத்தம் 2,280 கிலோ வேண்டும். பாடி முழுதும் வந்துவிட்டது, ரிப் பூஜ்யம். 2,160-ஐ 2,280-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 95 சதவீதம். கட்டம் பச்சையானதில் கணக்குத் தப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரு பீஸ்கூடத் தைத்து முடிக்க முடியாது.

குடோனைப் பார்த்துக்கொள்கிற அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன். முப்பது வருசமாகத் துணி எடை போடுகிறவர். அவரிடம் நீள நோட்டு ஒன்று உண்டு. 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நொய்யல் ஆற்றுப் பக்கத்துச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, துணியை வெளியூருக்கு அனுப்பி அலைந்த நாளில் ஆரம்பித்த பழக்கமாம். எந்தத் துணி எந்த ஊரில் கிடக்கிறது என்று எழுதாவிட்டால் தூக்கம் வராது என்றார். நோட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு ஆர்டருக்கும் பாடி ஒரு வரி, ரிப் ஒரு வரி. கிலோவுக்குப் பக்கத்தில் அது எத்தனை பீஸுக்கு ஆகும் என்ற எண். இரண்டில் சின்ன எண்ணைச் சுற்றி ஒரு வட்டம்.

"ஒட்டுக்கா கூட்டிப் போட்டா ஒண்ணுந் தெரியாது அம்மிணி. எது கொறைவா வந்திருக்குதோ, அந்த அளவுக்குத்தான் பீசு."

அந்த வட்டத்தைத் திரைக்குக் கொண்டுவருவதுதான் வேலை என்று முடிவு செய்து, வட்ட வரைபடத்தையும் நாலு கார்டையும் அழித்தேன்.

முதலில் அட்டவணைகளைப் பிரித்தேன். 'தேவை' என்று ஒன்று: ஆர்டர், கலர், துணி வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, வேண்டிய கிலோ. 'வரவு' என்று இன்னொன்று: டீசி வாரியாக வந்த கிலோ. ஆர்டர், கலர், துணி வகை மூன்றையும் சேர்த்து ஒரே சாவியாக்கி இரண்டு அட்டவணையையும் இணைத்தேன். இணைப்பு உடனே உடைந்தது. ஒரே கலர் 'நேவி', 'நேவி புளூ', 'என். புளூ' என்று மூன்று விதமாக ஏறியிருந்தது. கலர் பெயரைக் கையால் அடிக்க விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி மாற்றச் சொல்லி, பழையதைத் திருத்த எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இந்த வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போனது. அது வீண் என்று நான் நினைக்கவில்லை. ஷேடு சரியில்லை என்று சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்பிய துணி வரவிலிருந்து கழியாமல் கிடந்ததும் அந்தச் சாக்கில்தான் தெரிந்தது.

அடுத்து மெஷர், அதாவது திரையைத் திறக்கும்போது கணக்குப் போடுகிற சூத்திரம். ஒவ்வொரு துணிக்கும் வந்த கிலோவை வேண்டிய கிலோவால் டிவைட் ஃபங்ஷன் கொண்டு வகுத்து, அவற்றில் குறைந்ததை மின்எக்ஸ் ஃபங்ஷன் மூலம் எடுத்து, ஆர்டர் எண்ணிக்கையால் பெருக்கினேன். தலைப்பு 'எத்தனை பீஸ் தைக்கலாம்'. நேவிக்கு 0 வரும் என்று எதிர்பார்த்துத் திறந்தேன். 12,000 என்று காட்டியது.

இதில் இரண்டு நாள் தலையை உடைத்துக்கொண்டேன். விடை இதுதான்: ரிப்புக்கு ஒரு டீசிகூட இல்லாததால் அதன் வரவு பூஜ்யமாக இல்லை, வெறுமையாக இருந்தது. வெறுமையை வகுத்தாலும் வெறுமைதான். மின்எக்ஸ் வெறுமையைக் கணக்கில் சேர்க்காமல் தாண்டிப் போய்விடும். கொஞ்சமாக வந்த துணி கண்ணில் படும், வரவே வராத துணி மறைந்துவிடும். வகுத்த விடையோடு ஒரு பூஜ்யத்தைக் கூட்டியதும் சரியாயிற்று. துணிப் பட்டியலையும் வரவிலிருந்து எடுக்காமல் தேவையிலிருந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வராத துணிக்கு வரியே இருக்காது. இதே மாதிரி ஏதாவது செய்கிறவர்கள் இந்த இடத்தை முதலில் சோதித்துப் பாருங்கள்.

'நின்ன நாள்' என்ற நெடுவரிசையைப் பிறகு சேர்த்தேன். கடைசி டீசி போன தேதியிலிருந்து இன்றைக்கு எத்தனை நாள், எந்த இடத்தில். இதை மெஷராக எழுதினேன். அட்டவணையிலேயே நெடுவரிசையாக எழுதினால் டேட்டா புதுப்பிக்கும்போது மட்டுமே நாள் கூடும். சதவீதத்துக்கு இருந்த பச்சையை எடுத்துவிட்டேன். நின்ன நாள், பட்டறையோடு பேசிய கெடுவைத் தாண்டினால் மட்டும் சிவப்பு.

புதுப்பிப்பதும் ஒரு பாடம். பவர் பிஐயில் எங்களுடையது புரோ உரிமம். டேட்டாவை இறக்கி வைக்கிற முறையில் ஒரு நாளைக்கு எட்டு முறைதான் புதுப்பிக்க நேரம் குறிக்கலாம். இடையில், ஆபீஸ் டேட்டாபேஸையும் பவர் பிஐயையும் இணைக்கிற கேட்வே ஓடுகிற கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும். அது அக்கவுண்ட்ஸ் அறையில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துவிட்டுப் போனார்கள். தொடர்ந்து நான்கு முறை தவறினால் குறித்த நேரமெல்லாம் தானாக நின்றுவிடும், நாமே திரும்பப் போட்டுவிட வேண்டும். திங்கள் காலை எல்லோரும் சனிக்கிழமைக் கணக்கைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் உண்டு, சுவிட்சில் 'அணைக்காதீர்' என்ற சீட்டு உண்டு, திரையின் மேல் ஓரத்தில் கடைசியாகப் புதுப்பித்த நேரம் பெரிய எழுத்தில் உண்டு.

யூனிட் இன்சார்ஜ்கள் தங்கள் யூனிட் வரிகளை மட்டும் பார்க்கும்படி ரோல் போட்டேன். ரிப்போர்ட் இருக்கிற வொர்க்ஸ்பேஸில் திருத்தும் உரிமை கொடுத்தவர்களுக்கு அந்த ரோல் செல்லாது, பார்வையாளராக இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்பதை வெளியே விடுவதற்கு முன்பே கவனித்தேன். ஆர்டர் விலையை இந்த ரிப்போர்ட்டிலேயே வைக்கவில்லை.

குடோன் அண்ணனுக்காக மொபைல் லேஅவுட் தனியாகச் செய்தேன். ஆர்டர், பாடி, ரிப், எத்தனை பீஸ், நின்ன நாள். தலைப்பெல்லாம் தமிழில். முதல் வாரம் முழுக்க நோட்டையும் போனையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒத்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் போன் தப்பு, ஒரு இடத்தில் நோட்டு தப்பு. அதற்குப் பிறகு கட்டிங் மாஸ்டர் துணி விரிக்கும் முன் என்னிடம் கேட்பதில்லை, நேராக அண்ணனிடம் போகிறார்.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டார். "துணிக்குப் பண்ணுன மாதிரியே லேபிளுக்கும் பண்ணிப் போடுங் அம்மிணி. அதுலயுந்தான் நிக்குது." லேபிள் கிலோவில் வராது, எண்ணிக்கையில் வரும். ஆனால் சைஸ் வாரியாகப் பிரிக்க வேண்டும். மீடியம் லேபிள் தீர்ந்துவிட்டால் லார்ஜ் லேபிள் பத்தாயிரம் இருந்தும் மீடியம் பீஸைப் பேக் பண்ண முடியாது. அந்தத் 'தேவை' அட்டவணைக்கு அவருடைய நோட்டிலிருந்து வரிகளை இறக்கிக்கொண்டிருக்கிறேன். பதினாறு ஆர்டர் முடிந்தது, இன்னும் ஒன்பது இருக்கிறது.