ஸ்பூமி கடனில் ஓவர்லாக் மெஷின்

"இந்தியர்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்குதாமே, எழுதிப் போட்டியா அக்கா?" என்று என்னைக் கேட்காத ஆள் மலேசியாவின் பினாங்கில், எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இல்லை. கொடுப்பது உண்மைதான். ஆனால் நம் மாதிரி சின்ன வியாபாரத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடன். டெக்குன் நேஷனல் என்ற அரசு நிறுவனம் இந்தியச் சிறு வியாபாரிகளுக்குத் தரும் ஸ்பூமியும் கடன்தான். அதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி ஏமாற்றம் குறையும்.

நான் வீட்டிலிருந்தே பிளவுஸ் தைக்கிறேன். லெபோ பாசார் பக்கத்துச் சேலைக் கடைகள் சிலவும் வேலை அனுப்பும். பழைய மெஷினை வைத்துக்கொண்டு தீபாவளி ஆர்டரைச் சமாளிக்க முடியவில்லை. துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக், ஒரு தொழிற்சாலை மெஷின், வெட்டும் மேசை எல்லாம் சேர்த்து 15,000 ரிங்கிட் தேவைப்பட்டது.

முதலில் அமானா இக்தியாரை விசாரித்தேன். சிறுகடன் தருவதற்காக 1987-இல் தொடங்கிய பழைய அமைப்பு. 2024 முதல் இந்தியப் பெண்களுக்கென்றே 'பெண்' என்ற கடன் திட்டமும் அங்கே இருக்கிறது. குழுவாகச் சேர வேண்டும், வாராவாரம் கூட்டத்துக்குப் போக வேண்டும். கட்டுப்பாடாக இருக்க நினைப்பவர்களுக்கு நல்ல வழி. தீபாவளி நெருக்கத்தில் தையலை விட்டு எழுந்து போக என்னால் ஆகாது. அதனால் டெக்குனின் ஸ்பூமி திட்டத்துக்கே எழுதிப் போட்டேன். 1,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 வரை கேட்கலாம். அதற்கு மேல் 1,00,000 வரை வேண்டுமென்றால் 2024-இல் வந்த 'ஸ்பூமி கோஸ் பிக்' இருக்கிறது.

எஸ்எஸ்எம் என்ற நிறுவன ஆணையத்தில் வியாபாரத்தைப் பதியாமல் எதுவும் நகராது. அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே பதிந்தால் வருடத்துக்கு 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்தால் 60. எல்லாம் இணையத்திலேயே முடிந்துவிட்டது. மெஷின் கடையில் விலைப்பட்டியல் வாங்கி, வங்கிக் கணக்கு அறிக்கையையும் வேலை செய்யும் அறையின் படங்களையும் இணைத்தேன்.

இதற்கிடையில் ஒருவர், "எனக்கு உள்ளே ஆள் இருக்கு, பத்து பெர்சன்ட் கொடுத்தால் சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று வந்தார். டெக்குன் ஏஜெண்டு யாரையும் நியமிப்பதில்லை. அவர்களே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வீட்டைப் பார்க்க வந்த மலாய்க்கார அதிகாரிதான் இந்த விஷயத்தில் மறக்க முடியாதவர். விண்ணப்பப் பாரத்தை ஓரமாக வைத்துவிட்டு என் அளவு நோட்டைக் கேட்டார். தோள், கை, கழுத்து இறக்கம், கொடுக்க வேண்டிய தேதி, வாங்கிய முன்பணம் என்று ஒவ்வொரு பக்கமும் நிரம்பியிருக்கும். தமிழில் எழுதியது அவருக்குப் புரியாது. எண்களைப் பார்த்தே ஒரு பக்கத்தை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டார். வாடிக்கையாளர்கள் டூயிட்நவ் என்ற கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தில் அனுப்பிய 35, 50, 80 ரிங்கிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒத்துப்போயின. அப்புறம் விரலை ஓரிடத்தில் நிறுத்தினார். "புவான் (அம்மா), ஜூலை கடைசியிலிருந்து வரவு ஏன் இப்படி விழுந்திருக்கிறது?"

ஆடி மாதம், நம்மவர்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். "அப்படியானால் மார்கழியிலும் இப்படித்தானே?" என்று டிசம்பர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பினாங்கில் எத்தனை பிளவுஸ்காரிகளைப் பார்த்தவரோ! எந்த மாதத்தில் எவ்வளவு வரும் என்று என்னையே ஒரு தாளில் எழுதச் சொன்னார். கோப்பில் மற்ற எல்லாவற்றையும்விட அந்தத் தாள்தான் எனக்குக் கைகொடுத்தது என்று நினைக்கிறேன். பெரிய பெரிய வியாபாரத் திட்டமெல்லாம் யாரும் கேட்கவில்லை.

ஒப்புதல் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் பணம் கணக்கில் ஏறியது. வட்டிக்குப் பதிலாக அவர்கள் சொல்லும் லாப விகிதம் வருடத்துக்கு 4 விழுக்காடு; கட்டக் கட்டக் குறையாது, கடைசிவரை முழுக் கடனுக்கும் கணக்கு. 15,000-க்கு ஐந்து வருடத்தில் 3,000 கூடுதல். மாதம் 300 கட்ட வேண்டும். வங்கியில் தனிநபர் கடன் எடுத்திருந்தால் இந்த விகிதம் எனக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆடி என்று சொல்லித் தவணையைத் தள்ளிப்போட முடியாது. அதனால் தீபாவளிக் கூலி கைக்கு வந்ததும் மந்தமான மாதங்களின் தவணையை எடுத்து வேறு கணக்கில் போட்டுவிடுகிறேன். வீட்டுக்காரருக்கு அந்தக் கணக்கின் கார்டு எங்கே இருக்கிறதென்று சொல்லவில்லை.